பாக்கியம், துடுப்பைத் தண்ணீரில் விட்டுவிட்டோம்

என் மாமன் மகள் பாக்கியத்துக்கு,

நீ போய் இரண்டாம் வருஷம் வருகிறது, பேப்பரில் போட்டோ போட்டு நாலு வரி எழுதலாம் என்று உன் தம்பி சொன்னான். நானும் பீரோவைக் குடைந்தேன். கிடைத்தது ரேஷன் கார்டுக்கு எடுத்த போட்டோதான். அதில் நீ போட்டோக்காரரை முறைத்துக்கொண்டு இருக்கிறாய். அதற்குக் கீழே "ஆறாத் துயரில்" என்று என் பேரைப் போட்டால், உன் முறைப்பால்தான் நான் துயரத்தில் இருக்கிறேன் என்று ஊரில் நினைத்துவிடுவார்கள். அது வேண்டாம் மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டு, கடுதாசி எழுத உட்கார்ந்தேன்.

பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதித் தேறியவன் கடுதாசி. தப்பு இருக்கும். முன்னெல்லாம் என் கையெழுத்து உனக்கு மட்டும்தான் புரியும் என்பதால் பயமில்லாமல் எழுதுவேன். இதை நம் மகள் நித்யா திருத்திப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறாளாம். வெட்கமாகத்தான் இருக்கிறது. நீ வெட்கப்படாதே. உன்னைப் பற்றி நல்லதாகத்தான் எழுதுவேன், முட்டை விஷயத்தைத் தவிர. அதை எழுதாமல் இந்தக் கடுதாசி நகராது.

முதலில் நம் பிள்ளை சேதி. நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது வராந்தாவில் ஒரு தடிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாளே, அந்தப் பரீட்சையில் தேறிவிட்டாள். முதல் தடவை போச்சு, இரண்டாம் தடவை கிடைத்தது. அந்த மட்டும் என் ரத்தம். வங்கியில் அதிகாரி வேலை. நம் இரண்டு வீட்டிலும் வங்கிக்குள் போனால் பேனா இரவல் கேட்டு நிற்கிற ஆட்கள்தான். நம் பிள்ளை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்காரப் போகிறது.

வேலை போட்ட ஊர் விசாகப்பட்டினம். ஆர்டர் வந்த அன்று மாவு மில்லைப் பாதியில் நிறுத்திவிட்டு, மூஞ்சியெல்லாம் மிளகாய்த் தூளோடு வீட்டுக்கு ஓடினேன். அவள் அந்தத் தாளை நாலாக மடித்து உன் சேலைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தாள். "நான் போகலப்பா" என்றாள். சேர்வதற்குப் பதினைந்து நாள்தான் கொடுத்திருந்தார்கள்.

ஏன் என்று கேட்டதற்கு என் குற்றப்பத்திரிகையை வாசித்தாள். ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு, பால் பொங்குகிறதா என்று பார்க்காமல் மழை வருகிறதா என்று பார்க்கப் போனது. மில் சாவியை மாவுத் தகரத்துக்குள் போட்டுவிட்டு, பூட்டை உடைத்தது. எல்லாமே உண்மைதான் பாக்கியம். ஒன்றைக்கூட மறுக்க முடியவில்லை. "உங்கள தனியா விட்டுட்டு எப்படிப்பா?" என்றாள். எனக்கு நாக்கு எழவில்லை. போ என்று சொல்லப் பயம். இரு என்று சொல்ல வெட்கம். இரண்டுக்கும் நடுவில் ஐந்து நாள் ஓடியது.

ஆறாவது நாள் ஒரு யோசனை வந்தது. எனக்கு யோசனை வந்தால் நீ கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவாயே, அந்த மாதிரி யோசனை. கடலோரத்துக் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள்ளே ஆட்கள் கயாக்கில் துடுப்புப் போட்டுப் போய்ப் பறவை பார்க்கிற வீடியோ போனில் வந்தது. கயாக் என்றால் ஒல்லிப் படகு, இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்காரலாம். நித்யாவிடம் பந்தயம் கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை அங்கே போவோம், நான் துடுப்புப் போட்டு, விழாமல், எதையும் தொலைக்காமல் கரைக்கு வந்துவிட்டால், அப்பன் தனியாக இருக்கத் தகுதியானவன் என்று நீ ஒத்துக்கொண்டு வேலையில் சேர வேண்டும் என்றேன். அவள் என் வயிற்றைப் பார்த்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். சரி என்றாள். தோற்றுப் போவேன் என்ற நம்பிக்கையில்தான் சரி சொன்னாள் என்று நினைக்கிறேன்.

நம் ஊரிலிருந்து பைக்கில் முக்கால் மணி நேரத்தில் கடல் வந்துவிடுகிறது. ஆனாலும் எனக்கு ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் தண்ணீர் என்றால் கண்மாய்த் தண்ணீர்தான், அதுவும் வருஷத்தில் பாதி நாள் இருக்காது. கடலைக் கரையில் நின்று கும்பிட்டுவிட்டு, காலை நனைத்துக்கொண்டு வந்துவிடுகிற சாதி நாம். அதன் மேல் ஏறி உட்காருவதாவது.

காலையில் படகுத்துறையில் எங்களைக் கூட்டிப் போக வந்தது மேரி என்று ஒரு பெண். அந்த ஊர்க்காரர். என்னைவிடப் பத்து வயது குறைவு இருக்கும், வாய் இருபது வயது கூட. லைஃப் ஜாக்கெட்டை எனக்கு மாட்டிவிட்டு, கொக்கி எட்டவில்லை என்றதும் மூச்சை வெளியே விடச் சொன்னார். விட்டேன். அப்புறம்தான் கொக்கி மாட்டியது. "அண்ணே, இன்னைக்கு முழுசும் உள்ள இழுக்காம இருந்துக்கிருவீகளா?" என்று கேட்டார். நித்யா அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

நான் முன்னால் உட்கார்ந்து பிள்ளைக்குக் காவலாக இருக்கலாம் என்று நினைத்திருந்தேன். கனமானவர்கள் பின்னால்தான் உட்கார வேண்டுமாம். நித்யா முன்னால், நான் பின்னால். மேரி தனியாக ஒரு கயாக்கில் எங்களுக்குப் பின்னால். ஏறும்போது படகு ஒரு ஆட்டு ஆட்டியது பார், குலசாமியிலிருந்து ஆரம்பித்து எனக்குத் தெரிந்த அத்தனை சாமியையும் கூப்பிட்டேன். "இடுப்பளவு தண்ணிதாண்ணே. விழுந்தா சாமியக் கூப்பிட வேணாம், எந்திரிச்சு நின்னாப் போதும்" என்றார் மேரி.

முதல் கால் மணி நேரம் நாங்கள் எங்கேயும் போகவில்லை. செக்கு மாடு மாதிரி ஒரே இடத்தில் சுற்றினோம். நித்யா வலது என்றால் நான் இடது. துடுப்பை உலக்கை மாதிரி பிடிக்காதீர்கள், இங்கே நெல் குத்தவில்லை என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. கடைசியில் நித்யா எண்ண ஆரம்பித்தாள். ஒன்று என்றால் வலது, இரண்டு என்றால் இடது. ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு. மில் பெல்ட் ஓடுகிற தாளம் மாதிரி அது உடம்புக்குள் ஏறியதும் படகு நேராகப் போனது. நேராகப் போகிறது பாக்கியம் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு பக்கமும் காடு. மரத்துக்குக் காலே நூறு இருக்கிறது, எல்லாம் சேற்றில் ஊன்றி நிற்கிறது. சேற்றில் ஒரு மீன் நடக்கிறது. மீன் நடக்குமா என்று நீ கேட்பாய். நானும் கேட்டேன், அது என்னைப் பார்த்து முழித்துவிட்டு இன்னும் நாலு எட்டு நடந்துகாட்டியது. ஒரு கை மட்டும் பெரிதாக இருக்கிற குட்டி நண்டுகள், எல்லாம் சேர்ந்து அந்தக் கையை ஆட்டி வா வா என்று கூப்பிடுகின்றன. ஊரில் கல்யாண வீட்டு வாசலில்கூட என்னை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. நித்யா சத்தம் போடாமல் கையைக் காட்டிக் காட்டிப் பேர் சொன்னாள். மீன்கொத்தி, நீர்க்காகம், கூழைக்கடா. கூழைக்கடா தாடைப் பையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நம்ம ஊர்த் தலையாரி மாதிரி உட்கார்ந்திருந்தது.

ஓடை போய்க் கடலில் திறந்தது. அலையே இல்லை. தூரத்தில் தண்ணீருக்கு மேலே வெளிர் ரோஸ் நிறத்தில் ஒரு வரிசை. யாரோ சேலையைக் காயப்போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பூநாரை என்றாள் நித்யா. அதற்குள் வரிசையில் ஒரு முனை எழும்பிப் பறந்தது. சேலை தானாக மடிந்து போகிற மாதிரி இருந்தது. உனக்குக் காட்ட முடியவில்லையே என்று தோன்றியது. பந்தயம் ஜெயித்தாகிவிட்டது, இனித் திரும்ப வேண்டியதுதான் என்றும் அதோடு சேர்த்தே தோன்றியது. ஜெயித்தால் அவள் போய்விடுவாளே என்று துடுப்பைத் தூக்காமல் இருந்தேன்.

இங்கே முட்டை விஷயத்தைச் சொல்ல வேண்டும். கோபப்படாதே.

படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். என் வீட்டுக்காரிக்குக் கருடனைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்ளாமல் இருக்க முடியாது. நடந்தாலும், நின்றாலும், பஸ்ஸில் போனாலும் சரி. நித்யா நாலாவது படிக்கும்போது, திருவாடானையிலிருந்து ஒரு அட்டை முட்டை வாங்கி, டிவிஎஸ் ஃபிஃப்டியில் பின்னால் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். நித்யா முன்னால் நின்றுகொண்டு வந்தாள். கண்மாய்க் கரையில் ஒரு கருடன் வந்தது. இவள் இரண்டு கையையும் எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அட்டை ரோட்டில். முப்பதில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நான் வண்டியை நிறுத்தி, பஸ்ஸுக்கு நின்ற ஜனத்துக்கு முன்னால் கத்தினேன். முட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிடக் கூடாதா என்று கேட்டேன்.

நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா?

"வச்சுட்டு நிமிர்றதுக்குள்ள அது போயிரும்ல மச்சான்."

அன்றிலிருந்து எத்தனை வருஷம் உன்னைக் கேலி செய்திருப்பேன். வானத்தில் காக்கா பறந்தால்கூட, பாக்கியம், முட்டையைக் கெட்டியாகப் பிடி என்பேன். நீயும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாய். சிரித்தாயா, பொறுத்தாயா? கேட்காமலே விட்டுவிட்டேன்.

சரி, கடலுக்கு வருகிறேன். படகைத் திருப்பலாம் என்று துடுப்பைத் தூக்குகிறேன், தலைக்கு மேலே நிழல் ஓடியது. வெள்ளைத் தலை, செங்கல் நிற முதுகு. பத்து முழத் தூரத்தில் தண்ணீரைத் தொட்டு, ஒரு மீனைக் காலில் கொத்தாகத் தூக்கிக்கொண்டு எழும்பியது. அதன் இறக்கைச் சத்தம் காதில் விழுந்தது பாக்கியம். அவ்வளவு கிட்டத்தில் நீகூடப் பார்த்திருக்க மாட்டாய்.

கருடன் காட்டுக்கு மேலே ஏறி மறைந்த பிறகுதான் பார்க்கிறேன், என் இரண்டு கையும் என் கன்னத்தில் இருக்கிறது. துடுப்பு தண்ணீரில் போய்க்கொண்டிருக்கிறது.

போச்சு, பந்தயம் தோற்றோம், எதையும் தொலைக்காமல் வருவேன் என்று வாயைக் கொடுத்தோமே என்று நினைத்தேன். நித்யாவின் துடுப்பாவது இருக்கிறதே என்று முன்னால் பார்த்தேன். அவள் கையும் கன்னத்தில். அவள் துடுப்பும் தண்ணீரில். அப்பன் துடுப்பும் மகள் துடுப்பும் ஒன்றன்பின் ஒன்றாக, இலங்கையைப் பார்க்கக் கிளம்பிவிட்டன.

நீர் வற்றுகிற நேரம், இழுவை இருந்தது. மேரி தலையில் அடித்துக்கொண்டு, அசையாமல் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டுத் துடுப்புகளைப் பிடிக்கப் போனார். நானும் நித்யாவும் மட்டும் அந்தப் படகில். துடுப்பில்லை, எண்ணுவதற்கு ஒன்று இரண்டு இல்லை. தண்ணீர் எங்களை மெல்லத் திருப்பிக்கொண்டே இருந்தது.

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள், திரும்பாமல் கேட்டாள்.

"நீங்க கும்பிட மாட்டீகளேப்பா. அம்மாவைக் கேலிதான பண்ணுவீக."

நீ போன பதினாறாம் நாள், மில் வாசலில் நிற்கிறேன், கண்மாய்ப் பக்கம் கருடன் வந்தது. கை தானாகப் போனது. அன்றிலிருந்து ஒன்றைக்கூட விட்டதில்லை. யாராவது பார்த்தால் மாவைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொள்வேன். அதைத்தான் அவளிடம் சொன்னேன்.

பிறகு தானும் அப்படித்தான் என்றாள். கோச்சிங் வகுப்புக்கு பஸ்ஸில் போகும்போது கன்னத்தைச் சொறிகிற மாதிரி கும்பிட்டுக்கொள்வாளாம். ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் உன்னைத் திருட்டுத்தனமாகக் கும்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறோம். கருடன் பேரில்தான், ஆனால் உன்னைத்தான்.

அப்புறம் அவள் சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன். முகம் பார்த்து உட்கார்ந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாள். எனக்கு அவள் பின்னலும் ஜாக்கெட்டும் மட்டும்தான் தெரிந்தது.

"உப்பு, பாலு, சாவி எல்லாம் சும்மா சொன்னேம்ப்பா. அங்கன போனா அம்மாவைத் தெரிஞ்சவுக ஒருத்தர்கூட இருக்க மாட்டாக. இங்கன நான் தெருவுல போனா, பாக்கியத்து மக போகுதுங்குறாக. அங்கன நான் யாரு? அம்மா இல்லாத பொண்ணு, அவ்வளவுதான."

என் மேல் உள்ள கவலையால்தான் போக மாட்டேன் என்கிறாள் என்று நினைத்து, துடுப்புப் பிடித்துக்காட்ட வந்த முட்டாள் நான். பின்னலைத் தடவலாம் என்று கையை நீட்டினேன், படகு ஆடியது, எடுத்துக்கொண்டேன்.

மேரி இரண்டு துடுப்போடு வந்து சேர்ந்தார். வந்ததும் திட்டு வாங்கினோம். "அண்ணே, நாங்களும் சாமி கும்பிடுற ஆளுகதான். சிலுவை போட்டா ஒரு கையால போடுவோம், இன்னொரு கை துடுப்புலதான் இருக்கும். என்ன மனுசருய்யா நீங்க. துடுப்ப மடியில வச்சுட்டுக் கும்பிடக் கூடாதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் நித்யா சொன்னாள்.

"வச்சுட்டு நிமிர்றதுக்குள்ள அது போயிரும்ல அக்கா."

அவளாக யோசித்துச் சொல்லவில்லை. உன் குரலில், உன் இழுவையில் வந்தது. சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. நித்யா திரும்பி என்னைப் பார்த்தாள். மேரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, துடுப்பை நீட்டினார்.

எனக்கு அப்போதுதான் நாக்கு எழுந்தது.

"நித்யா, நீயும் முட்டையை எங்கன வைக்கிறதுன்னு பாத்துக்கிட்டே நிக்காத. நானும் இந்தத் தெருவுந்தேன் முட்டை. போடு கீழ. நீ வச்சுட்டு நிமிர்றதுக்குள்ள அந்த ஆர்டர் போயிரும்."

"உடைஞ்சா?"

"ஆம்லெட் போட்டுத் தின்னுக்கிறேன்."

"உப்பு ஒருக்காத்தேன் போடணும்" என்றாள். அழுதுகொண்டே சொன்னாள்.

"எந்த முட்டை?" என்றார் மேரி. கரைக்குப் போகிற வழியெல்லாம் நித்யா அவரிடம் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே துடுப்புப் போட்டேன். கதை முடிந்தபோது மேரி துடுப்பை மடியில் வைத்துவிட்டுச் சிரித்தார். பந்தயக் கணக்குப்படி தோற்றவன் நான். ஆனாலும் வீட்டுக்குப் போனதும் அவள் உன் சேலைகளுக்கு அடியிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள். கூடவே உன் நீலச் சேலை ஒன்றையும் எடுத்துக்கொண்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. நீயும் கொடுத்திருப்பாய்தானே?

நானே ரயிலில் கூட்டிப் போய் விட்டுவிட்டு வந்தேன். மூன்று வாரம் ஆகிறது. வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர் கழுவுகிறேன். முதல் வாரம் இரண்டு பேருக்கு உலை வைத்துவிட்டு மிச்சச் சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டேன், தொலையவில்லை. உப்பு இன்னும் சில நாள் இரண்டு தடவை விழுகிறது. போனில் கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கடுதாசியைத் திருத்தும்போது தெரிந்துகொள்ளட்டும்.

நேற்றுச் சாயங்காலம் போன் செய்தாள். அங்கேயும் கடல் இருக்கிறதே, கருடன் இருக்கிறதாம். வங்கி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது வந்திருக்கிறது. இவள் இரண்டு கையையும் எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாளாம், சொறிகிற மாதிரி இல்லை, நன்றாகவே. டீ கீழே. கூட வேலை செய்கிற தெலுங்குப் பெண் ஒருத்தி பதறிப்போய் என்ன ஆச்சு என்று கேட்டிருக்கிறாள். நம் பிள்ளை தனக்குத் தெரிந்த இங்கிலீஷிலும் புதிதாகப் படித்த நாலு தெலுங்கு வார்த்தையிலும் உன்னைப் பற்றிச் சொன்னாளாம். கண்மாய்க் கரை, டிவிஎஸ் ஃபிஃப்டி, முப்பது முட்டை, நான் கத்தியது, நீ சொன்னது எல்லாம். அந்தப் பெண் சிரித்துவிட்டு, உங்கள் அம்மா பேர் என்ன என்று கேட்டாளாம்.

ஆக, விசாகப்பட்டினத்தில் உன்னைத் தெரிந்த ஆள் ஒன்று ஆகிவிட்டது பாக்கியம்.

நானும் காரங்காட்டுக்கு அடுத்த மாதம் போகிறேன். மேரியிடம் போனில் சொன்னேன். துடுப்பைக் கயிறு போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டால்தான் படகில் ஏற்றுவேன் என்று சொல்லிவிட்டார். சரி என்றேன். கட்டிக்கொள்கிறேன். ஆனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். கருடன் வந்தால் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு இருக்க மாட்டேன். இரண்டு கையும் எடுத்துத்தான் கும்பிடுவேன். யார் பார்த்தாலும் மாவைத் துடைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அத்தை மகன்,
பாக்கியத்து மகளுக்கு அப்பா,
கருப்பையா